அப்பாவின் வேட்டி ஆற்றில் போகவில்லை

என் அப்பா விக்கிரமசிங்கபுரத்து மில்லில் வேலை பார்த்தவர். பொதிகை மலை அடிவாரத்தில், பாபநாசத்தை ஒட்டிய ஊர். நைட் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டார். நேராகப் பாபநாசம் படித்துறைக்குப் போய்த் தாமிரபரணியில் முங்கிக் குளித்து, ஈர வேட்டியோடு திருநீறு பூசி, பாபநாச நாதரையும் உலகம்மையையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருவார். வரும் வழியில் எந்த மரத்தில் எந்தக் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதால் இன்னும் தாமதமாகும். அம்மா இட்லித் தட்டை இறக்காமல் காத்திருப்பாள். வந்ததும் அவளிடம் முதலில் சொல்வது பறவைச் செய்தியாகத்தான் இருக்கும்.

போன வருஷம் அவர் தவறிப்போனார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரை முருக பக்தர் என்றார்கள், மீதிப் பேர் காடு மலை சுற்றுகிறவர் என்றார்கள். வீட்டில் இருந்த எங்களுக்கு அப்படி இரண்டு ஆள் தெரியாது. ஆறு, குளம், காடு எல்லாவற்றையும் அவர் சந்நிதியாகவே நடத்தினார். அந்தப் பழக்கங்களில் சில மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆறு. எனக்கும் தம்பிக்கும் நீச்சல் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்தது, கரையில் நின்று பார்ப்பதை. "தண்ணிய முதல்ல பாரு, அப்புறம் இறங்கு" என்பார். தெளிந்து ஓடுகிற தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வந்தால், சத்தம் மாறினால், வானம் வெளுத்துக் கிடந்தாலும் கரையேறிவிட வேண்டும். மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே மலையில் பெய்தால் போதும். செருப்பையும் துணியையும் எடுக்கத் திரும்பி இறங்கக் கூடாது. பாசி படிந்த கடைசிப் படியில் காலைப் பக்கவாட்டில் வைத்து, உட்கார்ந்து இறங்க வேண்டும். இன்று அருவிக்கும் ஆற்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். போனதும் தண்ணீரில் குதிக்க விடாமல், கொஞ்ச நேரம் கரையில் உட்கார வைத்து, தண்ணீரில் என்னென்ன மிதந்து போகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அதற்குள் ஆறு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

பாபநாசம் கோயில் படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக வரும். அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. ஜனங்கள் பொரி வாங்கிப் போடுவார்கள். கோயிலுக்குள் உலகம்மை சந்நிதிக்கு முன்னால் உள்ள உரலில் பெண்கள் மஞ்சள் இடிப்பார்கள், அது அம்மனின் அபிஷேகத்துக்கு. அம்மா மஞ்சள் இடிக்கும் நேரம் முழுக்க அப்பா எங்களை அந்த மீன்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார். பொரியைக் கையால்தான் போட வேண்டும், பொரி வாங்கிய பாக்கெட் அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். அதே படித்துறையில், தோஷம் கழியும் என்று குளித்த துணியை ஆற்றோடு விடுகிற வழக்கமும் இருக்கிறது. சேலையும் வேட்டியும் பாறை இடுக்குகளில் சிக்கி, மண்ணும் சகதியும் ஏறிக் கிடக்கும். தன்னார்வலர்கள் இறங்கி அள்ளி அள்ளிப் போடுவார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேர்ந்துவிடும். அந்தத் துணிக்குள் கால் மாட்டிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவனுக்கும் ஆபத்துதான். அப்பா இதைப் பற்றி யாரோடும் சண்டை போட்டதில்லை. தான் குளித்து முடித்ததும் கைக்கு எட்டுகிற துணியை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவது எங்கள் வீட்டுத் திருவிழா. கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். ஆனால் அந்தக் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கிச் சாமி கும்பிடுகிற வழக்கம் அதற்கெல்லாம் ரொம்பக் காலம் முந்தியது. அங்கே இருக்கிற பட்டவராயன் சாமிக்குச் செருப்பு காணிக்கை வைப்பார்கள். மணி விழுங்கி மரத்தில் கட்டிய மணிகளை மரமே மெல்ல மெல்ல உள்ளே வாங்கிக்கொள்ளும். சிங்கம்பட்டி ஜமீனின் கடைசி ராஜா 2020-ல் காலமாகும் வரை, அந்த நாளில் ராஜ உடையில் அமர்ந்து தரிசனம் தருவார். எனக்குச் சின்ன வயதில் அவரைப் பார்ப்பதற்காகவே போக வேண்டும் போல இருக்கும்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைத் துழாவுவார்கள். எங்கள் பையில் எதுவும் அகப்படாது. வாழையிலையில் கட்டிய புளியோதரை, தூக்குவாளியில் தயிர் சோறு, எவர்சில்வர் செம்பு, துணிப்பை. இதில் அப்பாவின் ஏற்பாடு ஒன்று உண்டு. கிளம்பும்போதே ஒரு காலிச் சாக்கை மடித்து வைத்துக்கொள்வார். திரும்பும்போது எங்கள் குப்பையோடு பக்கத்துக் குடிலின் குப்பையும் அதற்குள் இருக்கும். குரங்குகளுக்கு ஒரு பருக்கைகூடப் போட விடமாட்டார். நாம் போட்டுப் பழக்கினால் அடுத்து வருகிற பிள்ளையின் கையிலிருந்து அது பிடுங்கும் என்பார். குடும்பத்தோடு காட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தச் சாக்கு விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். முன்னாலேயே எடுத்துவைக்காவிட்டால், திரும்பும் அவசரத்தில் குப்பையை எதில் அள்ளுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு வரத்தான் தோன்றும்.

அப்பாவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது வேறு ஒன்று. நான் பெரியவளான பிறகு, மாதத்தில் சில நாள் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினால் நான் வீட்டில் இருக்க வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம், அப்பா அதை மாற்றவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவரும் கோயிலுக்குப் போகமாட்டார். "அவ வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறா? கோயிலுக்குத்தான வரப்படாது, குளத்துக்கு வரலாம்லா" என்று சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போய்விடுவார். நாமக்கோழியும் அரிவாள் மூக்கனும் புள்ளிமூக்கு வாத்தும் எனக்கு அப்படித்தான் பழக்கமாயின. பைனாகுலர் கிடையாது அப்போது. பறவையின் நிறத்தைப் பார்க்காதே, அது எப்படி நடக்கிறது, எப்படித் தலையை அசைக்கிறது என்று பார் என்பார். எதிர்வெயிலில் நிறம் தெரியாது, நடை தெரியும். இப்போதும் நான் பறவையை அடையாளம் காண்பது அப்படித்தான். ஒதுக்கி வைக்கப்பட்ட நாள் என்று நான் நினைத்திருக்க வேண்டிய நாட்களை, அப்பா எனக்கென்று தந்த நாட்களாகத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். அந்த வழக்கம் சரியா தவறா என்பதில் எனக்கு என் கருத்து உண்டு, அவர் செய்ததில் எனக்குக் குறையே கிடையாது.

தை பிறந்தால் திருச்செந்தூர் நடை. மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, திருநெல்வேலியிலிருந்து கிளம்புவார். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஆற்றை ஒட்டியே போகிற பாதை. வழியெல்லாம் வயலும் குளமும் மருத மரமும். கடம்பா குளத்தைத் தாண்டும்போது மட்டும் கூட்டத்தை முன்னால் போகவிட்டுவிட்டு இவர் நின்றுவிடுவார். தம்பியும் நானும் கூடப் போன வருஷங்களில் அவரிடம் கற்றுக்கொண்டவை நிறைய. பாதயாத்திரை போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாலை போட்ட நாளிலிருந்தே தினமும் வெறுங்காலோடு கொஞ்சம் நடந்து பாதத்தைப் பழக்க வேண்டும். அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றினால் தார் ரோடு தோலை உரித்துவிடும். விடியற்காலை இருட்டிலேயே கிளம்பி, வெயில் ஏறும் முன் ஓரிடத்தில் ஒதுங்கி, சாயங்காலம் மறுபடி நடக்க வேண்டும். இருட்டில் நடக்கும்போது ரோட்டின் வலது ஓரம்தான். எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியும். இடது ஓரம் போனால் பின்னால் வருகிறவனை நம்பித்தான் நடக்க வேண்டும். முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். பச்சை வேட்டி இருட்டில் தெரியவே தெரியாது. அன்னதானப் பந்தல் எல்லாவற்றிலும் சாப்பிடக் கூடாது. சோறு ஒரு வேளை, மற்ற நேரம் உப்புப் போட்ட மோர், பானகம், பழம். கொப்புளம் வந்தால் அதை உடைக்கக் கூடாது, சுத்தமான துணி சுற்றி அடுத்த ஊரில் காலை நீட்டி உட்கார வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க அப்பா சம்மதித்ததே இல்லை. காலில் பட்ட காயம் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும், ஆறவும் செய்யாது. முருகன் செருப்பைப் பார்க்கமாட்டான் என்று சொல்லிப் போட வைப்பார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியாது. அதனால் அவள் பஸ்ஸில் வந்து ஆழ்வார்திருநகரியில் காத்திருப்பாள். அங்கே சாப்பாடு. அப்புறம் அவள் பஸ்ஸில் திருச்செந்தூர் போய்விடுவாள், நாங்கள் நடந்து போய்ச் சேர்வோம். கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, தரிசனம் எல்லாம் சேர்ந்துதான். அம்மா வராமல் அவர் மட்டும் திருச்செந்தூர் போனதாக எனக்கு நினைவே இல்லை. யாத்திரை என்றும் மலையேற்றம் என்றும் ஆண்கள் மட்டும் கிளம்பிப் போகிற வீடுகளைப் பார்க்கிறேன். வீட்டில் இருப்பவளால் நடக்க முடியாவிட்டால், அவளால் வந்து சேர முடிகிற ஓர் இடத்தைப் பாதையில் வைத்துக்கொள்ளலாமே.

பணி ஓய்வுக்குப் பிறகு பறவைக் கணக்கெடுப்புக்குப் போக ஆரம்பித்தார். 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளோடு பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அவருக்குப் பரம சந்தோஷம். 2023 டிசம்பர் வெள்ளம் அவரை ரொம்ப உலுக்கிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாள் அது. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் முங்குவது புதிதில்லை, ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். குளங்களின் கரை உடைந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது அதற்கு முன்னாலேயே. அப்போது வீட்டில் பெரிய பேச்சு: இனி நடையே வேண்டாம் என்று தம்பி, நேர்ச்சையை எப்படி விடுவது என்று அப்பா. நான் டாக்டரிடம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், அவரையே கேட்க வைத்தேன். சமதரையில், இளவெயிலில், பேசிக்கொண்டே போனாலும் மூச்சு வாங்காத வேகத்தில் நடக்கலாம், மலை ஏறக் கூடாது என்றார் டாக்டர். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார், டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் ஒத்துக்கொண்டார். முதலில் மலையை விட்டார். அப்புறம் முழு நடையை விட்டு ஆழ்வார்திருநகரியிலிருந்து, பிறகு குரும்பூரிலிருந்து மட்டும். எங்கே தொடங்கினால் என்ன, மாலை போட்டு நடந்து போய்த்தான் கும்பிடுகிறேன் என்பதில் அவருக்கு நிறைவு. சட்டைப் பையில் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையும், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டும் எப்போதும் இருக்கும். வெளியே சுற்றுவதில் ஆசையுள்ள பெரியவர்களை வீட்டில் பூட்டி வைப்பதைவிட, தூரத்தைக் குறைத்துக் கொண்டே வருவது நல்லது என்பது எங்கள் அனுபவம்.

அந்தக் குட்டை நடைகளில்தான் நான் அவர் குரலைப் பதிவு செய்தேன். வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்து "உங்க கதையைச் சொல்லுங்கப்பா" என்றால் ஒன்றும் வராது, பிறந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் ஒரு படித்துறையைக் காட்டி "இதுக்கு என்ன பேரு" என்று கேட்டால் அந்தப் பெயர், அங்கே முங்கிச் செத்தவன், அதைக் கட்டிய குடும்பம், தன் அப்பா சொன்னது என்று வரிசையாக வரும். போனைச் சட்டைப் பையில் போட்டுப் பதிவை ஓடவிட்டு, இடத்தைக் காட்டிக் கேளுங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, அன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் இடத்தின் பெயரையும் தேதியையும் வைத்து, இன்னொருவர் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கூடவே நேராகக் கேமராவைப் பார்க்கிற மாதிரி ஒரு நல்ல போட்டோவும். அப்பாவின் படங்கள் எல்லாவற்றிலும் அவர் எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போடுவதற்கு ஒரு படம் தேட, அன்று ராத்திரி தம்பி எல்லார் போனையும் துழாவ வேண்டியிருந்தது.

உறக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் காலையிலேயே உறவுக்காரப் பையன்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்கக் கிளம்பிவிட்டார்கள். பாசத்தில் செய்வது, கோபிக்க முடியாது. காகிதப் போஸ்டர் அடித்துக்கொள்ளுங்கள், பிளெக்ஸ் காசுக்கு வருகிறவர்களுக்கு மோர் கொடுங்கள் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் மனஸ்தாபம் வந்திருக்கும். வேறு வேலை கொடுத்ததும் அதைச் செய்யப் போய்விட்டார்கள்.

அஸ்தி கரைக்கப் பாபநாசம். அப்பா முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்: "எம் வேட்டிய ஆத்துல விட்டுராதீங்க. நான் குளிச்ச ஆறுல்லா." அதனால் முதல் நாளே புரோகிதருக்குப் போன் செய்து பேசிவிட்டோம். படித்துறையில் போய் நின்றுகொண்டு, எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, இதைப் பேச முடியாது. யாராவது ஒரு பெரியவர் "வழக்கத்தை மாத்தாதீங்க" என்றால் அத்தோடு முடிந்தது. புரோகிதர் தயங்கவில்லை. அஸ்தியும் எள்ளும் பூவும் தண்ணீரில் போனால் போதும், துணியைத் தானமாகக் கொடுங்கள் என்றார். கலயத்தையும் மாலை கட்டிய நாரையும் துணிப்பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். அஸ்தி கட்டியிருந்த துணியையும் பிழிந்து எடுத்து வந்தோம். எங்கள் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் குனிந்து, படியில் சுற்றிக் கிடந்த யாருடையதோ ஒரு சேலையை இழுத்துக் கரையில் போட்டார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டுக்கு முன்னால் மரம் வைக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்குக் கண்ட இடத்தில் கண்ட மரம் வைப்பது பிடிக்காது. கன்று வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்டுவிடுவார்கள் என்பார். வாய்க்கால் கரையில், தம்பி தினமும் வேலைக்குப் போகிற வழியில், மருதங்கன்று ஒன்றே ஒன்று வைத்தோம். அது பிழைத்துவிட்டது. நல்ல வேட்டிகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்தோம். பைனாகுலர் கணக்கெடுப்புப் பிள்ளைகளுக்கு. பறவை எழுதி வைத்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டோம். ருத்திராட்சத்தை அம்மா வைத்துக்கொண்டாள்.

அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்னும் நாங்கள் கற்றுக்கொண்டிருப்பது. முதல் சில மாதங்கள் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனோம், மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அவள் வந்தாள், கும்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் நானே உட்கார்ந்து, "உனக்கு எங்கம்மா போகணும்" என்று கேட்டபோது, கூந்தன்குளம் என்றாள். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் இருக்கிற பறவைகள் சரணாலயம். ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்குக் கூட வெடி போடமாட்டார்கள். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும். இத்தனை வருஷமும் அப்பா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாள், நேரில் போனதில்லை. அவர் அங்கே சைக்கிளிலும் பஸ் மாறியும் போவார், இவள் முழங்காலுக்கு அது ஒத்துவராது என்று இருவருமே விட்டுவிட்டிருக்கிறார்கள்.

தை மாதம் கூட்டிப்போகிறோம். தெரிந்தவர் ஒருவரின் காருக்குச் சொல்லியாயிற்று. குளத்தங்கரையில் கீழே உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாது, அதனால் மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். புளியோதரை தான் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.